ஒரே கணக்கு, வேறு வேறு கைத்தாங்கல்: ஆண்டு 4 பிரச்சனைக் கணக்குகள் பற்றி

நாலாம்_ஆண்டு (திங்கள், இரவு 8.40)

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி, ஆண்டு 4 (நான்காம் வகுப்பு), மொத்தம் 17 பேர். பாதிப் பேர் தோட்டத்து வீடுகளிலிருந்தும் மற்றவர்கள் பட்டணத்து மலிவுவிலை அடுக்குமாடிகளிலிருந்தும் வருகிறார்கள். 4 பேருக்கு வாய்பாடு சரளம். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். 8 பேர் நடுவில். 5 பேர் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள்.

வளப்படுத்துதல், திடப்படுத்துதல், குறைநீக்கல் என்று மூன்று பயிற்சித்தாள் கொடுப்பதுதான் வழக்கம். அதில் இரண்டு சிக்கல். குறைநீக்கல் தாளில் இருப்பது வெறும் கூட்டலும் கழித்தலும். அந்த 5 பேர் ஆண்டு முழுக்க ஒரு பிரச்சனைக் கணக்கைக்கூட (வாக்கியமாக எழுதிய கணக்கு) முழுதாகச் சந்திப்பதில்லை. அடுத்தது, தாளின் நிறத்தைப் பார்த்ததுமே யார் எந்தக் குழு என்று வகுப்புக்கே தெரிந்துவிடுகிறது. வேறுபடுத்திக் கற்பிக்கச் சொல்கிறார்கள், சரி. எதை வேறுபடுத்துவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

லிந்தாங்_சார் (திங்கள், இரவு 9.25)

டீச்சர், கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கணக்கை வேறுபடுத்தாதீர்கள், கணக்குக்குக் கொடுக்கும் உதவியை வேறுபடுத்துங்கள். 17 பேருக்கும் ஒரே கணக்கு, ஒரே தாள், ஒரே நிறம். யார் எங்கே தடுக்கி விழுகிறாரோ அங்கே மட்டும் கை கொடுப்பது. ஆஸ்திரேலியக் கணிதக் கல்வியாளர் பீட்டர் சல்லிவன் இதற்கு இரண்டு வகைத் துணைக் கேள்விகளைச் சொல்கிறார். மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு அதே கணக்கின் எளிய வடிவம், அதை முடித்ததும் மூலக் கணக்குக்கே திரும்ப வேண்டும். சீக்கிரம் முடித்த பிள்ளைக்கு அதே கணக்கின் நீட்சி.

எடுத்துக்காட்டோடு சொன்னால்தான் விளங்கும். ஆண்டு 4க்கு ஏற்ற கணக்கு:

“12 வரிசைகளில் தலா 34 வீதம் நடப்பட்ட செம்பனை மரங்களுள் 29 பட்டுப்போயின. எஞ்சிய மரங்கள் ஒவ்வொன்றிற்கும் 2 கிலோகிராம் உரம் இடவேண்டுமெனில், 50 கிலோகிராம் உர மூட்டைகள் எத்தனை வாங்க வேண்டும்?”

வழி: 12 × 34 = 408. 408 − 29 = 379. 379 × 2 = 758. 758 ÷ 50 = 15, மீதி 8. விடை 16 மூட்டை. நான்கு படி. கடைசிப் படியில்தான் கணக்கின் உயிர். “15 மீதி 8” என்று எழுதி நிறுத்துகிற பிள்ளை வகுத்தலைச் சரியாகச் செய்திருக்கிறது, கணக்கை இன்னும் முடிக்கவில்லை. 15 மூட்டையோடு நிறுத்தினால் 8 கிலோ குறையும், 4 மரம் உரமில்லாமல் நிற்கும். இதை அந்த 5 பேரும் யோசிக்க முடியும். வாய்பாடு தெரியாதது இதற்குத் தடையே இல்லை.

எளிய வடிவம்: 3 வரிசை, வரிசைக்கு 4 மரம், 3 பட்டுவிட்டன, மரத்துக்கு 2 கிலோ, மூட்டை 5 கிலோ. 12, பிறகு 9, பிறகு 18 கிலோ, விடை 4 மூட்டை. இதிலும் மீதி வரும்படி வைத்திருப்பதைக் கவனியுங்கள். எண்ணைச் சுருக்கும்போது மீதி இல்லாமல் வகுபடும்படி அமைத்துவிட்டால் மூலக் கணக்கின் சிக்கலே காணாமல் போய்விடும். இங்கேதான் பலர் தவறுகிறோம்.

நீட்சி: “29 மரமும் பட்டுப்போகாமல் இருந்திருந்தால் அதே 16 மூட்டை போதுமா? முழுக்கணக்கையும் திரும்பச் செய்யாமல் சொல்.” 16 மூட்டையில் 800 கிலோ, மிஞ்சுவது 42 கிலோ, அது 21 மரத்துக்குத்தான் வரும். போதாது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பதைவிட இந்த ஒரு கேள்வி மேல்.

செம்பனை_136 (திங்கள், இரவு 9.58)

கணக்கு நன்றாக இருக்கிறது. தோட்ட விவரத்தில் இரண்டு திருத்தம். தோட்டத்தில் “வரிசை” என்று சொல்வதில்லை, “நிரை”. தாத்தா பாட்டி பேச்சில் பிள்ளைகள் கேட்ட சொல் அதுதான். அடுத்தது, நீட்சிக் கேள்வியைச் சிலர் “பட்ட இடத்தில் புதுக்கன்று வைத்தால்” என்று எழுதுவார்கள். அப்படி எழுதாதீர்கள். வளர்ந்த மரங்களின் நிழலில் கன்று தேறாது, கன்றுக்கும் பெரிய மரத்துக்கும் உர அளவு ஒன்றல்ல. “பட்டுப்போகாமல் இருந்திருந்தால்” என்று சார் எழுதியதுதான் சரி.

வேறு கணக்கு அமைக்க உண்மை அளவுகள் வேண்டுமென்றால்: ஒரு ஹெக்டருக்குச் சுமாராக 136 முதல் 148 மரம், அறுவடைச் சுற்று 10 முதல் 14 நாள், குலை ஒன்று 10 முதல் 25 கிலோ. 3 கிலோ குலை, ஹெக்டருக்கு 1,000 மரம் என்றெல்லாம் எழுதினால் விவரம் தெரிந்த பிள்ளை கணக்கையே நம்பாது.

மாலை_வகுப்பு (செவ்வாய், காலை 6.50)

மரியாதையோடு மாறுபடுகிறேன். 7 × 8 தெரியாத பிள்ளைக்கு நான்கு படிக் கணக்கு எதற்கு? முதலில் அடிப்படை, பிறகு பிரச்சனைக் கணக்கு. அடித்தளம் இல்லாமல் மாடி கட்ட முடியாது.

லிந்தாங்_சார் (செவ்வாய், மாலை 5.10)

வாய்பாடு வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. “முதலில்” என்ற சொல்தான் இடிக்கிறது. அந்த “முதலில்” ஆண்டு 1இல் தொடங்கி ஆண்டு 6 வரை நீள்கிறது. பிள்ளை ஒரு கணக்கைக்கூடச் சந்திக்காமல் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுகிறது.

இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தலாம். வாய்பாட்டுக்குத் தினமும் 8 நிமிடம், தனியாக. 1 முதல் 10 வரையிலான 100 பெருக்கலையும் ஒன்றாகக் குவித்துப் பயமுறுத்த வேண்டாம். 1, 2, 5, 10 வாய்பாடுகள் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். 3 × 7 தெரிந்தால் 7 × 3 தனியாக வேண்டாம். அப்படிக் கழித்தால் மிஞ்சுபவை 3, 4, 6, 7, 8, 9 ஆகியவை தமக்குள் பெருக்கிக்கொள்ளும் 21 மட்டுமே. வாரத்துக்கு 3 அட்டை என்றால் 7 வாரம். புது அட்டை 3, பழைய அட்டை 6 கலந்து கேட்க வேண்டும். வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால் 7 × 8 கேட்டதும் 7 × 1இலிருந்து பாடத் தொடங்குவார்கள். கலைத்துக் கேட்டால்தான் நிற்கும்.

பிரச்சனைக் கணக்கு நாளில் வாய்பாட்டு அட்டவணை மேசைமேல் திறந்தே இருக்கட்டும். 12 × 34ஐத் தேடுவதில் மனம் முழுதும் செலவாகிவிட்டால், எதற்காகப் பெருக்கினோம் என்பதே மறந்துபோகும். அட்டவணை அந்தச் சுமையை இறக்கிவைக்கிறது.

தமிழும்_எண்ணும் (செவ்வாய், இரவு 8.15)

எல்லாரும் எண்ணைப் பற்றிப் பேசுகிறோம். தடுக்கும் இடம் பெரும்பாலும் மொழி. மேலே சார் கொடுத்த கணக்கைப் பாருங்கள்: “தலா”, “வீதம்”, “எஞ்சிய”, “மரங்களுள்”, “எனில்”. இதில் ஒன்றுகூட வீட்டில் புழங்கும் சொல் இல்லை. “தலா” தெரியாத பிள்ளை 12ஐயும் 34ஐயும் கூட்டும். வாய்பாடு தெரிந்தும் விடை 46 வரும். உடனே அந்தப் பிள்ளைக்குப் பெருக்கல் பயிற்சி கொடுக்கிறோம். நோய் ஒன்று, மருந்து வேறு.

ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் 1977இல் வகுத்த ஐந்து கேள்விகளை அப்படியே தமிழில் கேட்கலாம். தவறாகச் செய்த ஒரு கணக்கை எடுத்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து:

1. இதை எனக்குப் படித்துக் காட்டு.
2. என்ன கண்டுபிடிக்கச் சொல்கிறது? உன் பேச்சில் சொல்.
3. எப்படிச் செய்யப் போகிறாய்?
4. செய்து காட்டு. செய்யும்போதே வாயால் சொல்.
5. இப்போது கேள்விக்கு விடையை முழு வாக்கியமாகச் சொல்.

முதலில் எங்கே நிற்கிறதோ அதுதான் பிள்ளையின் இடம். 1, 2இல் நின்றால் மொழித் துணை. 3இல் நின்றால் படம். 4இல் நின்றால் எண் பயிற்சி. 5இல் நின்றால் அலகு, மீதி, கேள்வியைத் திரும்பப் பார்க்கும் பழக்கம். ஒரு பிள்ளைக்கு 6, 7 நிமிடம் பிடிக்கும். நாளுக்கு ஒருவர் என்றால் அந்த 5 பேரும் ஒரு வாரத்தில் முடிந்துவிடுவார்கள். ஒரே கணக்கை வைத்து முடிவுக்கு வராமல், இரண்டு கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது. கேட்கும்போது திருத்தவோ உதவவோ கூடாது. கை துறுதுறுக்கும், பொறுக்க வேண்டும்.

மொழித் துணை என்பது கணக்கை எளிதாக்குவது இல்லை, வாக்கியத்தை உடைப்பது:

நிரை 12.
ஒவ்வொரு நிரையிலும் 34 மரம்.
29 மரம் பட்டுவிட்டது.
நிற்கிற மரம் ஒவ்வொன்றுக்கும் 2 கிலோ உரம்.
ஒரு மூட்டையில் 50 கிலோ.
எத்தனை மூட்டை வாங்க வேண்டும்?

எண்களும் படிகளும் அவையே. இதைப் படித்து முடித்த பிள்ளையிடம் மூல வாக்கியத்தைக் காட்டி, “தலா எங்கே வருகிறது, அது எந்த வரி?” என்று பொருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாடநூல் தமிழை அந்தப் பிள்ளை எப்போதும் வாசிக்காமலே விட்டுவிடும்.

தமிழுக்கே உரிய சில பள்ளங்களையும் சொல்ல வேண்டும்.

“விட அதிகம்” என்றதும் கூட்டு என்று சொல்லித் தருவது பெரிய தீங்கு. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். “திங்களன்று 96 குலை. செவ்வாயன்று அதைவிட 8 அதிகம்.” செவ்வாய் 104. “திங்களன்று 96 குலை. அது செவ்வாயைவிட 8 அதிகம்.” செவ்வாய் 88. சொற்கள் ஏறக்குறைய அவையே, விடை எதிர்த்திசை. கேட்க வேண்டிய கேள்வி: “எந்த நாளில் கூடுதல்?” கூட்டலா கழித்தலா என்று அதற்குப் பிறகு கேட்கலாம்.

பின்னத்தில் நாம் கீழெண்ணை முதலில் சொல்கிறோம்: “மூன்றில் இரண்டு”. கேட்ட வரிசையில் எழுதினால் 3/2. மலாயில் “துவா பெர்திகா”, மேலெண் முதலில். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் வரிசை தலைகீழாகிறது. ஆண்டு 4இலேயே, முதலில் மூன்றாக மடித்த தாள், பிறகு இரண்டு பங்குக்கு நிறம் என்று கை வேலையோடு சொல்ல வைத்தால் “மூன்றில்” என்பது துண்டுகளின் எண்ணிக்கை என்று பதியும்.

90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9,000 ஒன்பதாயிரம். தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறும், தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் ஒலிக்கின்றன. சொல்வதைக் கேட்டு எழுதும் பயிற்சியில் 90ஐ 900 என்றும் 900ஐ 9,000 என்றும் எழுதுவது கவனக்குறைவு இல்லை, சொல்லின் குணம். இடமதிப்பு அட்டையைக் காட்டிக்கொண்டே சொல்லுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. “பாக்கி” என்ற சொல் நம் வீட்டிலும் இருக்கிறது, மலாயிலும் இருக்கிறது. “மீதம்” கற்பிக்கும்போது “மிச்சம், பாக்கி” இரண்டையும் பக்கத்தில் எழுதிப் போடுங்கள்.

நாலாம்_ஆண்டு (செவ்வாய், இரவு 9.30)

நன்றி டீச்சர். 46 என்ற விடை எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறது. அந்த ஐந்து கேள்விகளை இந்த வாரமே தொடங்கலாம். ஆனால் மொழி, படம், எண் என்று மூன்று துணை அட்டை இருந்தாலும், அதை எடுப்பவர் “மந்தம்” என்று பெயர் வாங்கமாட்டாரா? பாட நேரமும் 60 நிமிடம்தான்.

லிந்தாங்_சார் (புதன், மாலை 4.45)

அட்டையை யாருக்கும் நீட்டாதீர்கள். முன்மேசையில் கவிழ்த்து வையுங்கள், ஒவ்வொரு வகையிலும் 6. யாரும் எழுந்து போய் எடுக்கலாம், கெட்டிக்காரரும்தான். முதல் இரண்டு வாரம் நன்றாகச் செய்யும் பிள்ளையிடமே “படத்தாளை எடுத்துப் பார்” என்று சொன்னால் அந்தக் கூச்சம் போய்விடும்.

60 நிமிடத்தைப் பிரிக்கும் விதம்:

முதல் 5 நிமிடம் ஆசிரியர் கணக்கை இரண்டு முறை வாசிப்பார். எண்களை மறைத்துவிட்டு வாசிப்பது இன்னும் நல்லது. “என்ன நடக்கிறது?” என்று மட்டும் கேட்க வேண்டும். எண் தெரியாதபோது பிள்ளைகளால் எதையும் கூட்ட முடியாது, கதையைத்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்த 5 நிமிடம் தனியாக, பேச்சில்லாமல். இந்த நேரத்தில் அட்டை கிடையாது. இதைத் தவிர்த்தால் மெதுவாக யோசிக்கும் பிள்ளை தொடங்குவதற்குள் பக்கத்துப் பிள்ளை விடையைச் சொல்லிவிடும்.

பிறகு 25 நிமிடம் இருவராக. அட்டை திறக்கும். இருவருக்கும் ஒரே பென்சில், 3 நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும். பென்சில் இல்லாதவர் வழி சொல்வார், இருப்பவர் எழுதுவார். 17 பேர் என்றால் ஓர் அணியில் மூவர். எளிய வடிவம் ஆசிரியர் கையில். 10 நிமிடம் கழித்தும் தாள் வெறுமையாக இருக்கும் அணிக்கு மட்டும்.

15 நிமிடம் வகுப்பு உரையாடல். வரிசை முக்கியம்: முதலில் படம் வரைந்து செய்தவர், பிறகு 50, 100, 150 என்று மூட்டைகளை அடுக்கி எண்ணியவர், கடைசியில் வகுத்தவர். வகுத்தவரை முதலில் அழைத்தால் மற்றவர்கள் தங்கள் தாளை அழித்துவிடுவார்கள். “15 மீதி 8” என்று முடித்த தாள் ஒன்று இருந்தால் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, “அந்த 8 கிலோ யாருடையது?” என்று கேளுங்கள்.

கடைசி 10 நிமிடம் சிறிய ஒரு கணக்கு, தனியாக, அட்டை இல்லாமல். 130 பேர், வேனில் 12 இடம், எத்தனை வேன் என்பதுபோல. 130 ÷ 12 = 10 மீதி 10, எனவே 11 வேன்.

துணை அட்டையில் எழுதக் கூடாத ஒன்று: “முதலில் பெருக்கு, பிறகு கழி.” அப்படி எழுதினால் யோசிக்கும் வேலையை அட்டை செய்துவிடும், பிள்ளைக்கு எஞ்சுவது வெறும் எண் வேலை. “நிற்கும் மரம் எத்தனை என்று தெரிந்தால் உதவுமா?” இந்த அளவு போதும். போல்யா 1945இல் சொன்ன நான்கு படிகளை நம் பாடநூல்களும் பின்பற்றுகின்றன: புரிந்துகொள்ளல், திட்டமிடல், தீர்த்தல், சரிபார்த்தல். இதில் திட்டமிடுதலை மட்டும் எந்த அட்டையும் பிள்ளையிடமிருந்து பறிக்கக் கூடாது.

இணைந்த_வகுப்பு (புதன், இரவு 8.05)

வாரம் எத்தனை முறை இப்படிச் செய்ய முடியும்? 150 பேருக்குக் குறைவான பள்ளிகளில் ஆசிரியருக்கு வேறு வேலைகளும் சேர்ந்தே வருகின்றன. 30 பேருக்கும் குறைந்த பள்ளியில் இரண்டு ஆண்டுகளை ஒரே அறையில் இணைத்து நடத்துகிறார்கள். அங்கே தினமும் அட்டை தயாரிப்பது நடக்காது.

லிந்தாங்_சார் (புதன், இரவு 8.40)

வாரம் ஒன்று போதும். ஒரு கணக்குக்கு மூன்று அட்டை என்றால் தயாரிக்க அரை மணி நேரம். நகலெடுத்து அட்டையில் ஒட்டி வைத்தால் அடுத்த ஆண்டும் உதவும். ஆண்டுக்கு 30 கணக்கு சேர்ந்துவிடும். பள்ளிகள் தமக்குள் மாற்றிக்கொண்டால் இன்னும் சுலபம்.

கித்தா_விதை (புதன், இரவு 9.12)

பொருள் வைத்து எண்ண விலையில்லாத பொருள் வேண்டுமென்றால் கித்தா (ரப்பர்) விதை கிடைக்கிறது. ஒரு பிள்ளைக்கு 50 கொடுக்கலாம்.

செம்பனை_136 (புதன், இரவு 9.20)

கித்தா விதை வேண்டவே வேண்டாம். பச்சை விதைக்குள் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஆண்டு 1, 2 பிள்ளைகள் உடைத்து வாயில் வைப்பார்கள். மேசையிலும் உருண்டோடும். புளியங்கொட்டை நல்லது: தட்டை, ஓடாது, கழுவிக் காயவைத்தால் பல ஆண்டு இருக்கும். பத்துப் பத்தாகச் சிறு பையில் கட்டிவிட்டால் இடமதிப்புக்கும் ஆகும். ஐஸ்கிரீம் குச்சி பத்தை ரப்பர் வளையத்தில் கட்டுவதும் அப்படியே.

பட்டை_வரைபடம் (வியாழன், மாலை 6.30)

படத் துணை என்றதும் மரம், லோரி எல்லாம் வரைந்து வண்ணம் தீட்டுகிறார்கள். 20 நிமிடம் போய்விடுகிறது. வேண்டியது நீளப் பட்டைகள்தான். ஒப்பீட்டுக் கணக்குக்கு இரண்டு பட்டை, ஒன்றின் கீழ் ஒன்று, இடது ஓரம் நேராக. தெரியாத அளவுக்குக் கேள்விக்குறி. முதல் மூன்று வாரம் வரையவே வேண்டாம், தாளைப் பட்டையாக வெட்டிக் கொடுத்துவிடுங்கள். “அது செவ்வாயைவிட 8 அதிகம்” என்றால் எந்தப் பட்டை நீளம் என்று வைத்துக் காட்டினாலே பாதிக் கணக்கு முடிந்தது.

அடிக்கடி நடக்கும் தவறு: விடை தெரிந்த பிறகு அழகுக்காகப் பட்டை வரைவது. அதில் பயனில்லை. பட்டையை வைத்து முடித்த பிறகுதான் எண்ணைத் தொட வேண்டும் என்று ஒழுங்கு வையுங்கள். இன்னொன்று: 8ஐயும் 96ஐயும் ஒரே நீளத்தில் வரைவார்கள். அளவு துல்லியமாக வேண்டியதில்லை, சின்னது சின்னதாகத் தெரிந்தால் போதும்.

மாலை_வகுப்பு (வியாழன், இரவு 7.50)

அட்டவணையைத் திறந்து வைப்பது, 21 அட்டை இரண்டும் ஏற்கத்தக்கவை. ஒரு கேள்வி மிச்சம். துணை அட்டையோடு செய்ததை எந்த அடைவுநிலையாகப் பதிவது? 2021இல் ஆண்டு 6 பொதுத் தேர்வான யுபிஎஸ்ஆர் நிறுத்தப்பட்ட பிறகு பெற்றோர் வகுப்பறை மதிப்பீட்டையும் கவனித்துப் பார்க்கிறார்கள்.

தமிழும்_எண்ணும் (வியாழன், இரவு 8.35)

அடைவுநிலைகள் ஆறு. கணிதத்தில் 4 என்பது அன்றாட வழக்கமான பிரச்சனையைத் தீர்ப்பது, 5 சிக்கலானவற்றைப் பல உத்திகளால் தீர்ப்பது, 6 வழக்கத்துக்கு மாறானவற்றை ஆக்கத்தோடு தீர்ப்பது. இதிலிருந்தே தெரிகிறது: குறைநீக்கல் தாளில் வெறும் செயல்முறைக் கணக்கு மட்டும் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு 3க்கு மேல் போக வாசலே இல்லை. பிள்ளைக்கு முடியவில்லை என்று நாம் எழுதுகிறோம். கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

பதிவுக்கு ஒரு வழி: சொந்தக் குறிப்பேட்டில் கணக்கின் பக்கத்தில் துணையையும் குறியுங்கள். “மொ” மொழி, “ப” படம், “எ” எண், “சி” சிறிய எண்களில் அமைந்த எளிய வடிவம். அதே அமைப்புள்ள வேறு கணக்கை இரண்டு வாரம் கழித்துத் துணையில்லாமல் கொடுங்கள். அதில் வருவதை வைத்து நிலையை முடிவு செய்யலாம். மொழி அட்டையைப் பற்றி என் கருத்து: வாக்கியத்தை உடைத்துக் கொடுத்துக் கணக்கை முழுதாகச் செய்த பிள்ளைக்குக் கணிதத்தில் குறைத்துப் போடுவது நியாயமில்லை. வாசிப்பின் குறையை மொழிப் பாடத்தில் எழுதுங்கள்.

குறிப்பேட்டில் ஐந்து வாரம் தொடர்ந்து “எ” மட்டுமே விழுந்தால் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது வாய்பாட்டு நேரம். “ப” நின்றுபோய் “மொ” மட்டும் வந்தால் முன்னேற்றம். இந்தக் குறிகள்தான் அடுத்த வாரத்து அட்டையைத் தீர்மானிக்க வேண்டும்.

இணைந்த_வகுப்பு (வெள்ளி, காலை 7.05)

தோட்டக் கணக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. இன்றைய பிள்ளைகளில் பலர் பால்வெட்டை (ரப்பர் மரத்தில் பால் எடுப்பதை) பார்த்ததே இல்லை. குடும்பம் பட்டணத்துக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டக் கணக்கு என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. கைப்பேசிக் கட்டணம், வேன் வாடகை, மளிகைக்கடை இவையும் அவர்கள் உலகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மிகவும் முக்கியம். “உன் அப்பாவின் சம்பளம்”, “உன் வீட்டில் எத்தனை அறை”, “உன் கைச்செலவுப் பணம்” என்று பிள்ளையின் வீட்டு நிலையைத் தரவாகக் கேட்கும் கணக்கு வேண்டவே வேண்டாம். நல்லெண்ணத்தில்தான் கேட்கிறோம். ஆனால் பணமில்லாத பிள்ளை அங்கே பொய் எண் எழுதும், அல்லது பேனாவை வைத்துவிடும். சம்பளம் வேண்டுமென்றால் கணக்கிலேயே ஓர் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுப்பாடமாக வாட்ஸ்ஆப்பில் பக்கம் பக்கமாக அனுப்புவதும் உதவாது. அச்சிட வழியில்லை, கைப்பேசி அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். ஒரு கணக்கைக் கீற்றாக வெட்டி நோட்டில் ஒட்டி அனுப்பினால் போதும். பாட நேரத்தையும் பாருங்கள். காலை உணவில்லாமல் வரும் பிள்ளைக்கு, பள்ளி உணவுத் திட்டச் சாப்பாட்டுக்கு முன்னால் நான்கு படிக் கணக்கு வைக்காதீர்கள். அட்டவணையில் முடிந்தால் ஓய்வு வேளைக்குப் பிறகு போடுங்கள்.

இரண்டு ஆண்டுகளை இணைத்து நடத்துபவர்களுக்கு ஒரே கணக்கு எல்லா நிலைக்கும் நீளும்படி வேண்டும். கடை ரசீது அதற்கு ஏற்றது. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகச் செலுத்தும்போது மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குத் திருத்துகிறார்கள். 1, 2 என்றால் 0க்கு. 3, 4, 6, 7 என்றால் 5க்கு. 8, 9 என்றால் 10க்கு. கணக்கு: ஒரு பொருள் 2.98 ரிங்கிட், இன்னொன்று 4.49 ரிங்கிட். ஒன்றாக வாங்கினால் எவ்வளவு, இரண்டு ரசீதாக வாங்கினால் எவ்வளவு?

தனித்தனியாக 3.00, 4.50, மொத்தம் 7.50. ஒன்றாக 7.47, திருத்தினால் 7.45. ஆண்டு 3 பிள்ளை இதுவரை செய்தால் போதும். ஆண்டு 4, 5க்கு: தனித்தனியாக வாங்குவது மலிவாக வரும்படி விலை கண்டுபிடி. 1.02, 1.02 என்றால் தனியாக 2.00, ஒன்றாக 2.04 என்பது 2.05 ஆகும். ஆண்டு 6க்கு: இரண்டு பொருளில் அதிகபட்ச வித்தியாசம் எவ்வளவு? மூன்றில்? நான்கில்? இரண்டிலும் மூன்றிலும் 5 சென்னைத் தாண்டாது. நான்கு பொருள் 1.02 வீதம் என்றால் தனியாக 4.00, ஒன்றாக 4.08 என்பது 4.10, வித்தியாசம் 10 சென். ஏன் என்று விளக்கச் சொல்லுங்கள்: ஒரு ரசீதில் திருத்தம் 2 சென்னைத் தாண்டாது, வித்தியாசமோ எப்போதும் 5இன் மடங்கு.

மாலை_வகுப்பு (வெள்ளி, இரவு 8.20)

ரசீதுக் கணக்கில் எண் வேலை ஆண்டு 3 அளவுதான், யோசனைக்கு எல்லையில்லை. எண்ணில் பின்தங்கிய பிள்ளையும் மேல்நிலைக் கேள்வியைத் தொட முடிகிறது. முதலில் அடிப்படை என்று எழுதியதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்.

நாலாம்_ஆண்டு (சனி, காலை 10.15)

எல்லாருக்கும் நன்றி. வரும் புதன்கிழமை, ஓய்வு வேளைக்குப் பிறகு, உரக் கணக்கு. “வரிசை” இருந்த இடத்தில் “நிரை”. மொழி அட்டை 6, பட்டைத்தாள் 6, 50இன் மடங்கு ஏணி 6. ஏணியில் 50 முதல் 1,000 வரை. 800இல் நிறுத்தினால் விடை 16 என்று ஏணியே சொல்லிவிடும். எளிய வடிவம் கையில். கடைசிப் பத்து நிமிடத்துக்கு வேன் கணக்கு. ரசீதுக் கணக்கு அதற்கு அடுத்த வாரம். ஐந்து கேள்வி நேர்காணல் திங்களன்று தொடங்கும், நாளுக்கு ஒருவர்.

செம்பனை_136 (சனி, காலை 11.02)

டீச்சர், காலி உரப்பை ஒன்று கிடைத்தால் 50 கிலோ என்று அச்சடித்த பக்கத்தை வெட்டி, உள்பக்கம் நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். உரத்தூள் ஒட்டியிருந்தால் பிள்ளைகள் தொடக் கூடாது. 2 கிலோ எவ்வளவு என்று காட்ட ஒரு பையில் மணலை நிறுத்துக் கட்டி வைத்தால், மூட்டைக்கு எத்தனை மரம் என்பதைச் சிலர் எண்ணைத் தொடாமலே சொல்லிவிடுவார்கள்: 25.